அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

என் பெயர் திரையில் ஒன்றரை வினாடி ஓடும்.
வசனம்: குழித்துறை ரசலையன்.
ஊரில் சரியாக அந்த ஒன்றரை வினாடிக்குத்தான்
கரண்டு போகும் என்பார் மாமனார்.
பதினோரு வருசமும் போனது.

ஆயிரத்து நூற்றிச் சொச்சம் எபிசோடு.
வடபழனியில் மூன்றாம் மாடி.
ஃபேன் சுற்றினால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் எழுத்தில் வேர்வை விழும்.
பக்கத்துக்கு எட்டு இடத்தில் அடைப்புக்குறி போட்டு
சிரிப்பு, மூன்று வினாடி
சிரிப்பு, ஐந்து வினாடி
என்று எழுதுவேன்.
எடிட்டர் மஸ்தான் அதை ஒரு பொத்தானில் வைத்திருந்தார்.
அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும்
எல்லாரும் நிறுத்திய பிறகும் சிரிப்பாள்.
அவளுக்காகத்தான் எழுதினேன் என்று
யாரிடமும் சொன்னதில்லை.

"உங்க ஊர் பாஷையில ஒரு கோமாளி போடுங்க.
ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார் தயாரிப்பாளர்.
வெள்ளம் தண்ணீரானது. ஓர்மை ஞாபகமானது.
சவத்து மூதியைச் சேனலே வெட்டிவிட்டது.
மிஞ்சியது 'லே' மட்டும்.
அதையும் கும்பகோணத்து நடிகர்
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல
ஒவ்வொரு சொல்லின் நுனியிலும் தடவினார்.

கோமாளி ஒரு பஸ் கண்டக்டர்.
கண்டக்டர், தாசையன்.
காலை ஒன்பது பத்து, குழித்துறை நாகர்கோவில் வண்டி.
கல்லூரிக்குப் போகையில் அவன் சொல்வதையெல்லாம்
அவன் கிழித்துத் தந்த டிக்கெட்டின் பின்னாலேயே
எழுதி வைத்தேன்.
அழகியமண்டபத்தில் கூட்டம் முட்டும்போது கத்துவான்:
"எறங்குதவன் எறங்குலே,
ஏறுதவன் ஒருக்கா யோசிச்சுக்க."

அந்த ஒரு வரியை வைத்து நூறு எபிசோடு தின்றேன்.
பனியனில் அச்சடித்து விற்றார்கள்.
தேர்தல் மேடையில் பேசினார்கள்.
தாசையனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிறகு புது அதிகாரி வந்தார், சின்னப் பையன்.
"ஜனங்க இப்ப முப்பது நொடியில சிரிச்சு முடிச்சிடறாங்க சார்,
வசனமே இல்லாம எழுதுவீங்களா?"
கொடுத்தேன், வெறும் தாள்.
செக்கும் அப்படியே வந்தது.

ஐப்பசியில் தாசையன் செத்தான்.
வெட்டிய குழியில் முழங்கால் அளவு வெள்ளம்.
இரண்டு பேர் வாளியால் கோரிக் கோரி வெளியே ஊற்ற,
பெட்டி கயிற்றில் தொங்கி
பாதியில் சிக்கி நின்றது.
நீளம் கூடிவிட்டதாம்.
போதகர் வேதபுத்தகத்தில் விரலை வைத்தபடி
வானத்தைப் பார்த்தார்.
பின்னாலிருந்து பழைய டிரைவர் சோபனராஜ்
குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல்:
"எறங்குதவன் எறங்குலே..."

முடிக்க விடவில்லை.
ரப்பர் மரத்தடியில் குடை பிடித்து நின்ற
நாற்பது பேரும் வெடித்துவிட்டார்கள்.
போதகர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.
பத்தொன்பது வினாடி.
எண்ணினேன், பழக்கதோஷம்.
எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒருத்தி
சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு
சிரித்துக்கொண்டே இருந்தாள்.
றோஸ்லெட். அவன் மனைவி.

வீட்டில் கட்டன் சாயா தந்தாள்.
"அதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிட்டும் அண்ணே?"
"முதல்ல நானூறு. பெறவு ரெண்டாயிரம்."
விரல் மடக்கி எதையோ கூட்டினாள், பாதியில் விட்டாள்.
"அவரு டிவியில அதக் கண்டா மாத்திருவாரு.
பயலு பாதிதான் போட்டிருக்கான்னு சொல்லுவாரு."

பாதி.
மீதி எனக்கு ஓர்மை உண்டு.
டிக்கெட்டின் அடிவரியில், என் கையெழுத்தில்:
"நான் ரெண்டுக்கும் இல்லாம
படியிலயே நின்னு சாவேன்."

அதற்கு வண்டியில் யாரும் சிரித்ததில்லை.
அடைப்புக்குறி போட இடமில்லாத வரி.
ஏழு வினாடி.
கோடு போட்டு அடித்தவன் நான்தான்.
அந்த ஏழு வினாடியில்
ஒரு சோப்பு விளம்பரம் வந்து உட்கார்ந்தது.

"மதுரம் கூடிப்போச்சா?" என்றாள் றோஸ்லெட்,
நான் குடிக்காததைப் பார்த்து.